‘பாடம் நடத்துறாங்க, படிக்க வைக்கல’: செட்டிநாட்டு அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் முதல் ஆண்டு

அக்டோபர் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வழக்கமாக ஆறேழு பேர்தான் வருவோம். அன்று வராந்தாவில் செருப்பு விட இடமில்லை. காலாண்டுத் தேர்வின் விடைத்தாள்கள் முதல் நாள்தான் பிள்ளைகள் கைக்கு வந்திருந்தன. ஒன்பதாம் வகுப்பில் கணக்குத் தேர்வு எழுதியவர்கள் 31 பேர். 35 மதிப்பெண் தாண்டியவர்கள் 9 பேர்.

ஆத்தங்குடிப் பக்கம் தரையில் பதிக்கும் கல் (டைல்) வார்க்கும் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தகப்பனார் முதலில் எழுந்தார். “பாடம் நடத்துறாங்க மேடம். நடத்தலைன்னு சொல்லல. ஆனா படிக்க வைக்கல.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. பேசியவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள்.

நான் அந்தக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். என் மகள் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். கல்லூரியில் கணிதம் படித்தேன், வேலைக்குப் போகவில்லை. அந்த ஓராண்டில் பெற்றோர் என்ன கேட்டோம், அதில் எது சரி, எது தவறு, பள்ளி என்ன செய்தது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதி வைக்க வேண்டும் எனத் தோன்றியது. நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகும் ஊர்களில் எல்லாம் இதே கேள்விகள் வரும். யாரையும் சுட்டிக்காட்டுவது நோக்கமில்லை என்பதால் ஊர்ப் பெயரையும் ஆண்டையும் விட்டுவிட்டேன். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி உயர்நிலைப் பள்ளியானது

எட்டாம் வகுப்பு வரை ஊரிலேயே இருந்தது. ஒன்பதாவதுக்கு எட்டு கிலோமீட்டர் போக வேண்டும். காலை 7.40 பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு. எட்டாவதோடு நின்றுபோன பெண்பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதனால் பள்ளியைத் தரம் உயர்த்தச் சொல்லி ஊர் பல வருடம் மனுப் போட்டது. தரம் உயர்த்தப் பொதுமக்கள் கட்ட வேண்டிய பங்குத்தொகையை ஊரே சேர்த்துக் கட்டியது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பினார்கள், பட்டறைக்காரர்கள் கொடுத்தார்கள், சென்னையில் இருக்கும் ஓர் ஆச்சி தன் பேத்தி பிறந்தநாள் செலவை நிறுத்திக் கொடுத்தார். உத்தரவு வந்த அன்று பிள்ளையார் கோயிலில் சிதறுகாய் உடைத்தார்கள்.

இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடம் என்றால் எதிர்பார்ப்பு கொஞ்சம் அதிகம்தான். வள்ளல் அழகப்பர் 1947இல் கல்லூரி தொடங்கிய ஊர் காரைக்குடி. அவர் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1948இல் அடிக்கல், 1953இல் திறப்பு. பஸ்ஸில் போகும்போது அதன் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். நகரத்தார் ஊருக்கு ஊர் பள்ளி கட்டியதையும் கேட்டு வளர்ந்தோம். அதனால், சொந்த ஊருக்கு உயர்நிலைப் பள்ளி வந்ததும், அது முதல் நாளிலிருந்தே பெரிய பள்ளிகளைப் போல நடக்கும் என்று நினைத்துவிட்டோம். உத்தரவு வந்தால் பள்ளி வந்துவிட்டது என்று நினைத்தது எங்கள் முதல் பிழை.

நடந்தது என்னவென்றால், ஒன்று முதல் ஐந்து வரை தொடக்கப் பள்ளியாகத் தனியே பிரிந்தது. ஆறு முதல் ஒன்பது வரை புதுத் தலைமையாசிரியையின் கீழ் வந்தது. பத்தாவது அடுத்த ஆண்டு. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர் பணியிடம். கேட்க நிறைவாக இருக்கிறது. கணக்கு ஆசிரியரையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வகுப்புக்கு வாரம் ஏழு பீரியட் வீதம் 28 பீரியட். பத்தாம் வகுப்பும் சேர்ந்தால் 35. வாரத்துக்கு மொத்தமே 40 பீரியட்தான். அந்த ஒருவர் காய்ச்சலில் படுத்தால் பள்ளியில் கணக்கே கிடையாது.

எங்களுக்கு அதைவிட மோசமாக நடந்தது. இருந்த கணக்கு ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்குப் போய்விட்டார். பணியிடம் காலி. பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் மாற்றுப்பணியில் வந்தார். அந்த இரண்டு நாளில் நான்கு வகுப்புகளையும் பார்த்தாக வேண்டும். ஒன்பதாவதுக்கு ஏழு பீரியட் கிடைக்க வேண்டிய இடத்தில் நான்குதான் கிடைத்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என நான்கு மாதம் இப்படிப் போனது.

ஆகஸ்டில் ஏன் யாரும் கவலைப்படவில்லை

எட்டாவது முடித்தவர்கள் 36 பேர். ஜூனிலேயே ஐந்து பேரைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். மீதி 31. முதல் இடைப்பருவத் தேர்வில் அந்த 31 பேரில் 26 பேர் கணக்கில் தேறினார்கள். 90க்கு மேலேயே நாலைந்து பேர். என் மகள் 88. வீட்டில் பாயசம் வைத்தேன்.

காலாண்டுத் தேர்வு வந்ததும் எல்லாம் சரிந்தது. இடைப்பருவத் தேர்வின் கேள்வித்தாள் பள்ளியிலேயே தயாரித்தது. மாற்றுப்பணி ஆசிரியருக்கு நேரமில்லை. முக்கிய வினாக்கள் என்று இருபதைக் குறித்துக் கொடுத்து, அதிலிருந்தே கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொந்தப் பள்ளியையும் பார்த்துக்கொண்டு, வெயிலில் இருபது கிலோமீட்டர் பைக்கில் வந்து போனவர். காலாண்டுக் கேள்வித்தாள் மாவட்டத்துக்கே பொதுவானது. முக்கிய வினா பட்டியல் அங்கே செல்லவில்லை.

ஆக, எங்கள் கவலை தொடங்கியது அக்டோபரில். அதற்குக் காரணம் ஜூனிலிருந்தே இருந்தது. நல்ல மதிப்பெண்தான் அதை மறைத்து வைத்திருந்தது.

கூட்டத்தில் கேட்டவை

கோரிக்கைகளை அன்று நான்தான் நோட்டில் எழுதினேன். தினமும் டெஸ்ட் வையுங்கள். சனிக்கிழமை வகுப்பு எடுங்கள். வீட்டுப்பாடம் அதிகம் கொடுங்கள். செல்போனைத் தொடாதே என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஒரு தாயார், “கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு அடிச்சாவது படிக்க வைங்க டீச்சர், நாங்க கேக்க மாட்டோம்” என்றார். அவர் மகன் வாசல் தூணை ஒட்டி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தம்மா பாசத்திலும் கையாலாகாத தவிப்பிலும் சொன்னது அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தலைமையாசிரியை மெதுவாக, “அடிக்க மாட்டோம்மா. கல்வி உரிமைச் சட்டத்துல 17ஆவது பிரிவே அதுக்குத்தான் இருக்கு. சட்டம் இல்லாட்டியும் அடிக்க மாட்டேன்” என்றார்.

அடுத்து வந்த கோரிக்கைதான் என்னை அதிகம் உறுத்தியது. “தேறாத பிள்ளைகள ஒம்போதுலயே நிறுத்திருங்க. அடுத்த வருசம் முதல் பேட்ச் பப்ளிக் எழுதுது. ரிசல்ட் போச்சுன்னா ஊரு பேரு கெட்டுரும்.” இதைச் சொன்னவர் பங்குத்தொகைக்காக வெயிலில் அலைந்தவர். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. எட்டாவது வரை எல்லோருக்கும் தேர்ச்சி உண்டு, ஒன்பதில் நிறுத்தலாம் என்பதால், பல பள்ளிகள் நூறு சதவீதத் தேர்ச்சிக்காக ஒன்பதிலேயே வடிகட்டுகின்றன என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. அதைத்தான் அவர் கண்டிப்பான பள்ளிக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்.

தலைமையாசிரியை சொன்ன பதில்: “நிறுத்துனா அந்தப் பிள்ளை மறுபடி வந்து ஒம்போதாவது உக்காரும்னு நெனைக்கிறீங்களாண்ணே? பட்டறைக்குப் போகும். இல்லாட்டி கல்யாணச் சமையலுக்குச் சட்டி தூக்கப் போகும். எட்டாவதோட நின்னுறக் கூடாதுன்னுதானே இந்தப் பள்ளிக்கூடத்தை வாங்குனீங்க?” அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. ஆனால் அந்த அச்சம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

நான்கு பேர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். அதில் இருவர் அன்றே மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பள்ளி மீதான நம்பிக்கை மட்டும் காரணமில்லை. மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றில் 2021இலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. ஒன்பதில் தனியாருக்குப் போனால் ஆறு, ஏழு, எட்டில் அரசுப் பள்ளியில் படித்த மூன்று ஆண்டும் வீணாகும். எட்டாவதில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் வென்ற ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை வருகிறது. தனியாருக்குப் போனால் அதுவும் போகும். அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம், “போனா பணம் போச்சு, இருந்தா படிப்பு போச்சு. நான் என்னக்கா செய்ய?” என்று கேட்டார். இப்படி இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் எங்கள் பெற்றோரில் பெரும்பாலோர். பள்ளி சரியில்லை என்றால் மாறிக்கொள்ளலாம் என்பது எங்களுக்குச் சுலபமான வழி இல்லை.

விடைத்தாளைப் பார்த்தோம்

கூட்டத்தின் கடைசியில் தலைமையாசிரியை ஒன்று செய்தார். மதிப்பெண் பட்டியலை மூடி வைத்துவிட்டு, எல்லாப் பாட விடைத்தாள் கட்டுகளையும் மேசை மேல் வைத்தார். பிள்ளைகளின் பெயரை மறைத்திருந்தார். “மார்க்கைப் பாக்காதீங்க, எழுதியிருக்கிறதைப் பாருங்க” என்றார். ஐந்து பேர் அடுத்த வாரம் இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்தோம். அந்த ஆண்டு முழுவதும் நாங்கள் செய்ததில் உருப்படியான வேலை இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கணக்கில் ஒரு மதிப்பெண் வினாக்கள் பெரும்பாலும் சரி, அவை புக் பேக்கிலிருந்து, அதாவது பாடத்தின் முடிவில் புத்தகத்திலேயே இருக்கும் கேள்விகளிலிருந்து வந்தவை. இரண்டு மதிப்பெண் வினாவில்தான் வண்டி நின்றது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடம் கண மொழி, இரண்டாவது மெய்யெண்கள். மெய்யெண்களில் முறுடுகள், அதாவது √2 போன்ற விகிதமுறா மூலங்கள் வரும். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் √2-ஐயும் √3-ஐயும் கூட்டி √5 என்று எழுதியிருந்தார்கள். அன்று சாயந்திரம் என் மகளிடம், √9 எவ்வளவு என்று கேட்டேன். 3 என்றாள். √16? 4. இரண்டையும் கூட்டினால்? 7. அப்படியானால் √25? 5 என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப ப்ளஸ்ஸ உள்ள கொண்டு போகக் கூடாதாம்மா?” என்றாள். 88 வாங்கிய பிள்ளை.

தமிழ் விடைத்தாளில் இன்னொன்று கிடைத்தது. உங்கள் ஊர் ஊருணியைத் தூர்வாரக் கேட்டு மனு எழுதுக என்பது கேள்வி. ஊருணி எங்கள் ஊரின் நடுவிலேயே இருக்கிறது, பள்ளி ஜன்னலில் இருந்து பார்த்தால் அதன் படித்துறை தெரியும். பதினோரு பிள்ளைகள் நூலகம் வேண்டி எழுதும் மனுவை, கைடில் இருந்த அதே வரிகளில், தலைப்பை மட்டும் மாற்றி எழுதியிருந்தார்கள். ‘மேற்கண்ட ஊருணியில் போதிய நாளிதழ்கள் இல்லை’ என்று ஒரு தாளில் இருந்தது. படித்தபோது எங்களில் ஒருவர் கண்கலங்கிவிட்டார். அந்த விடைக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண் விழுந்திருந்தது.

அறிவியலில் மதிப்பெண் நன்றாகவே இருந்தது. எந்தப் பெற்றோரும் அறிவியலைப் பற்றிக் கேட்கவில்லை. முதல் பாடமான அளவீட்டில் வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.01 செ.மீ. என்று முக்கால்வாசிப் பேர் சரியாக எழுதியிருந்தார்கள். பள்ளியில் வெர்னியர் அளவி ஒன்றுகூட இல்லை. ஆய்வகம் என்று ஓர் அறைக்குப் பெயர் எழுதியிருந்தது, உள்ளே உடைந்த பெஞ்சுகள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 வாங்கினால்தான் தேர்ச்சி. அடுத்த ஆண்டு இதே பிள்ளைகள்தான் அதை எழுதப் போகிறார்கள்.

கல் பட்டறைத் தகப்பனாரும் எங்களோடு தாள்களைப் பார்த்தார். ஆறாவது வரை படித்தவர். ஊருணி மனுவை இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சொன்னார்: “தண்ணியில ஊறாத கல்லு மாதிரி இருக்குக்கா. பார்க்கப் பூவெல்லாம் அழகா விழுந்திருக்கும். தரையில பதிச்சு நாலு நாள் நடந்தா பேந்துரும்.” ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் சாயம் ஊற்றி, அதன் மேல் சிமென்ட் கலவை போட்டு வார்த்து எடுத்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். அந்த நாட்களைக் குறைத்தால் கல் நிற்காது. ‘படிக்க வைக்கல’ என்று முதல் கூட்டத்தில் அவர் சொன்னதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. நாங்கள் கேட்ட தினசரி டெஸ்டும் கூடுதல் வீட்டுப்பாடமும் இன்னும் அதிகக் கைடு வரிகளைத்தான் கொண்டுவந்திருக்கும்.

என்ன செய்தார்கள்

முதல் வேலை கணக்கு ஆசிரியர். குழு தீர்மானம் போட்டது, தலைமையாசிரியை அனுமதிக்கு அலைந்தார். அக்டோபர் கடைசியில், பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியை ஒருவர் வந்தார். மாதம் 15,000 ரூபாய். பள்ளத்தூர்ப் பக்கத்துப் பெண், பி.எட். முடித்தவர். அந்தச் சம்பளத்துக்கு அவர் உழைத்த உழைப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது நியாயமான சம்பளம் இல்லை.

வந்த முதல் வாரம் அவர் பாடமே எடுக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் பத்துக் கணக்குகள். 3/4-உடன் 1/2-ஐக் கூட்டு. −7-உடன் 3-ஐக் கூட்டு. 504-ஐ 8-ஆல் வகு. 1,800 ரூபாய்க் கண்டாங்கிச் சேலைக்கு 15 சதவீதத் தள்ளுபடி போனால் விலை என்ன. எல்லாமே கீழ் வகுப்புகளில் படித்தவை. பத்தும் சரியாகப் போட்டவர்கள் நான்கு பேர். அவர் ஒரு நீள நோட்டு வாங்கி, பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, யாருக்கு எங்கே ஓட்டை என்று எழுதினார்.

அதன்பின் தினமும் கணக்குப் பீரியடில் முதல் பதினைந்து நிமிடம் பழைய பாடம். மீதி நேரம் ஒன்பதாவது பாடம். கரும்பலகையில் கணக்குப் போடும் பிள்ளையிடம் ஒவ்வொரு வரிக்கும் “இது எப்படி வந்துச்சு?” என்று கேட்பார். பதில் தெரியாவிட்டால் திட்ட மாட்டார், உட்கார வைக்கவும் மாட்டார், இன்னொரு பிள்ளையை எழுப்பி இருவரையும் பேச வைப்பார். வாரத்துக்கு ஒரு கணக்கு புத்தகத்தில் இல்லாதது. அதற்கு மதிப்பெண் கிடையாது. போர்ஷன் பின்தங்கியது. அதுவும் ஒரு சண்டையானது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழாசிரியர், மனு, கடிதம், கட்டுரைக்குக் கைடைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை ஊருணிக் கரைக்கே கூட்டிக்கொண்டு போனார். மடை எங்கே அடைத்திருக்கிறது, கருவேலம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்து எழுதினார்கள். அதில் ஒரு மனு உண்மையிலேயே ஊராட்சிக்குப் போனது.

அறிவியல் ஆசிரியை விலங்கியல் படித்தவர். இயற்பியல் நடத்தத் தனக்கே தயக்கம் இருக்கிறது என்று எங்கள் முன் ஒத்துக்கொண்டார். அப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும். லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தகப்பனார் தன் வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் எடுத்துக்கொண்டு வந்து, ஒரு பீரியட் முழுக்கப் பிள்ளைகள் கையில் கொடுத்து போல்ட், வளையல், பேனா மூடி எல்லாவற்றையும் அளக்க வைத்தார். அமிலம், காரம் பாடத்துக்குச் செம்பருத்திப் பூவை வேகவைத்த சாறு, மஞ்சள் தடவிய காகிதம், புளிக்கரைசல், வெற்றிலைச் சுண்ணாம்பு. வெள்ளைச் சட்டையில் பட்ட குழம்புக் கறை சோப்புப் போட்டதும் சிவப்பாவது ஏன் என்று அன்று எங்கள் வீட்டில் எனக்குப் பாடம் நடந்தது.

சனிக்கிழமை வகுப்பு இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. மாலைப் படிப்பு பாதி பலித்தது. பள்ளியில் அந்தி நேரத்தில் காவலுக்கு ஆள் இல்லை. முதலில் சொன்னேனே, சென்னை ஆச்சி, அவருடைய வீடு பள்ளிக்கு எதிர்த் தெருவில் பூட்டிக் கிடந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் போன் போட்டுக் கேட்டார். “முகப்புலயும் பட்டாலையிலயும் உக்காந்து படிக்கட்டும்ப்பா. வளவுக்குள்ள போக வேணாம், ஓடு சரியில்ல, மேல விழுந்துரப் போகுது” என்றாராம் ஆச்சி. முகப்பு வீட்டு வாசல் பகுதி, பட்டாலை அதையொட்டிய கூடம், வளவு உள்ளே இருக்கும் முற்றம். பர்மா தேக்குத் தூண்களுக்கு நடுவே ஆறு மணி முதல் ஏழரை வரை படித்தார்கள். முறை வைத்து இரண்டு தாய்மார் உட்கார்ந்தோம். பெண்பிள்ளைகள் கடைசி வரை வந்தார்கள். பையன்கள் நவம்பர் மழையில் நின்றவர்கள், திரும்ப வந்தது குறைவு. தையில் சிராவயல் மஞ்சுவிரட்டு, அப்புறம் பழனி பாதயாத்திரை, பங்குனிப் பக்கம் வந்தால் முத்துமாரியம்மன் திருவிழா. எங்கள் ஊர்ப்பக்கம் படிப்புக்கான மாதமும் திருவிழா மாதமும் ஒன்றுதான். எந்த நாட்காட்டியும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மதிப்பெண் குறைந்தபோது

அரையாண்டுத் தேர்வு முடிவுதான் அந்த ஆண்டின் கடினமான கட்டம். கீழே இருந்த பிள்ளைகள் ஏறினார்கள். ஆகஸ்டில் மேலே இருந்தவர்கள் இறங்கினார்கள். ஆகஸ்டில் 96 வாங்கிய பையன் 61. என் மகள் 57.

அந்தப் பையனின் அப்பா துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். கோபமாக வந்தார். “படிக்கிற பிள்ளைய கீழ இறக்குறதுதான் உங்க கண்டிப்பா? போர்ஷன் வேற முடியல. மெல்லப் படிக்கிறவங்களுக்காக எம் பையன் ஏன் காத்துக்கிட்டிருக்கணும்?” அவர் கேட்டதில் பாதி நியாயம். பழைய பாடத்தில் போன பதினைந்து நிமிடம் அந்தப் பையனுக்குத் தேவைப்படவில்லைதான்.

தற்காலிக ஆசிரியை இரண்டு விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆகஸ்ட் தாளில் இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தும் கணக்கு, நான்கு வரி, கைடில் உள்ளபடி. டிசம்பர் தாளில் அதே மாதிரிக் கணக்கு, எண்கள் மட்டும் வேறு. பையன் பாதி வரை வந்து, குறி தப்பி, அடித்துவிட்டு, வேறு வழியில் போட்டுப் பார்த்து, விடையைத் திரும்பப் பெருக்கிச் சரிபார்த்திருந்தான். நேரம் போதாமல் கடைசி இரண்டு கேள்வியை விட்டிருந்தான். “இந்தத் தாள்ல இருக்கிறதுதான் உங்க பையன் சார்” என்றார் ஆசிரியை. தகப்பனார் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். சமாதானமாகிவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் மாற்றுச் சான்றிதழ் கேட்கவில்லை. இன்னொன்று கேட்டார்: “சரி, இவனுக்கு மேல என்ன குடுப்பீங்க?”

அந்தக் கேள்விக்கு அதுவரை பள்ளியில் பதில் இல்லை. அதன்பிறகுதான், கிராமப்புற ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வின் பழைய கேள்விகளை எடுத்து, நன்றாகப் படிக்கும் ஆறேழு பேருக்கு அந்தப் பதினைந்து நிமிடத்தில் கொடுக்க ஆரம்பித்தார்கள். மாவட்டத்துக்கு ஐம்பது பையன்கள், ஐம்பது பெண்கள் தேர்வாகும் உதவித்தொகைத் தேர்வு அது. எங்கள் பள்ளியில் யாரும் தேர்வாகவில்லை. பிள்ளைகள் அந்தக் கேள்விகளைப் பஸ் ஸ்டாப்பில் நின்று விவாதித்ததை நான் பார்த்தேன்.

57 வாங்கிய தாளோடு என் மகள் வந்தபோது எனக்கும் வயிறு கலங்கத்தான் செய்தது. கூட்டத்தில் நின்று நியாயம் பேசுவது வேறு, சொந்தப் பிள்ளையின் தாளில் கையெழுத்துப் போடுவது வேறு. அன்று அவளிடம் ஒன்றும் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏப்ரலுக்குப் பிறகு

ஆண்டுத் தேர்வில் கணக்கு எழுதியவர்கள் 29 பேர், தேறியவர்கள் 19. எல்லோரையும் பத்தாவதுக்கு அனுப்பினார் தலைமையாசிரியை. தேறாத பத்துப் பேருக்கு மே மாதம் தனியாக என்ன செய்வது என்ற திட்டம் எங்களிடம் இல்லை. அது எங்கள் குறை, குழுவின் குறை. அதில் ஒரு பையன் மாமாவோடு சமையல் வேலைக்குப் போனவன் ஜூன் மூன்றாம் வாரம் வரை வரவில்லை. நாலு தடவை வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தோம்.

தற்காலிக ஆசிரியையின் பணி ஏப்ரலோடு முடிந்தது. போகும்போது அந்த நீள நோட்டை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனார். ஜூனில் கலந்தாய்வு மூலம் நிரந்தரக் கணக்கு ஆசிரியர் வந்தார். முதல் கூட்டத்தில் அவர் எங்களிடம், போன வருட மார்க் லிஸ்ட் இருக்கிறதா என்று கேட்டார். தலைமையாசிரியை நோட்டை எடுத்து நீட்டினார். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார்.

பத்தாவதில் கணக்குப் பொதுத் தேர்வில் வரைபடமும் செய்முறை வடிவியலும் ஆளுக்கு எட்டாகப் பதினாறு மதிப்பெண். பின்தங்கிய பிள்ளைகளைக் கரையேற்ற எல்லாப் பள்ளிகளும் அதைத்தான் பிடிக்கும். எங்கள் ஆசிரியரும் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறார். “இது எப்படி வந்துச்சு?” என்ற கேள்வியை அங்கேயும் கேட்கிறாரா என்று மகளிடம் கேட்டேன். சில நாள் கேட்கிறாராம்.

அறிவியல் செய்முறைக்குக் கருவிகள் கேட்டு இரண்டு முறை எழுதியாகிவிட்டது. உடைந்த பெஞ்சுகளை எடுத்துவிட்டு அறையைக் கழுவி வைத்திருக்கிறோம். வெர்னியர் அளவி இப்போதும் லேத் பட்டறையிலிருந்துதான் வந்து போகிறது. அடுத்த கூட்டம் ஜூலை முதல் வெள்ளி, மூன்று மணிக்கு.